ஆவடி லைனிலிருந்து வார்டுக்கு: நர்ஸ் வேலைக்குப் போகும் வழி

ஆவடி பஸ் ஸ்டாண்டு, அம்பத்தூர் ஓ.டி., பூந்தமல்லி டிரங்க் ரோடு என்று எங்கே நின்று சுற்றிப் பார்த்தாலும் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். பத்தாவது பாஸானால் போதும், ஒரே வருடத்தில் நர்ஸ், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம். கீழே ஒரு செல்போன் எண். இந்த அத்தியாயத்தை அந்த நோட்டீஸிலிருந்தே தொடங்குகிறேன். நர்ஸ் ஆக வேண்டும் என்று கிளம்பும் பிள்ளைகளில் பலர் முதல் பணத்தைத் தொலைப்பது அங்கேதான்.

அந்த நோட்டீஸ்காரர்கள் சொல்லித்தருவதும் ஒரு வேலைதான். நர்சிங் அசிஸ்டென்ட், ஹெல்த் அசிஸ்டென்ட், ஹோம் கேர் என்று பல பெயர்கள். படித்தவர் வீட்டோடு இருந்து முதியவர்களைப் பார்த்துக்கொள்ளலாம், கிளினிக்கில் டாக்டருக்கு ஒத்தாசையாக நிற்கலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் சட்டப்படி அவர் நர்ஸ் இல்லை. தமிழ்நாட்டில் நர்ஸாக வேலை பார்க்க உங்கள் பெயர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் அலுவலகம். எல்லோரும் சுருக்கமாக 'கவுன்சில்' என்பார்கள். ஆறு மாத, ஒரு வருட டிப்ளமோ எதையும் கவுன்சில் நர்ஸாகப் பதிவு செய்யாது.

ஆகவே நோட்டீஸைப் பார்த்து ஆபீஸ் ஏறிப் போனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதைப் படிச்சா கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணித் தருவாங்களா சார்?" பதில் "ஆமாம்" என்றால் எந்தப் பெயரில், எந்தப் பிரிவில் என்று எழுதிக் கேளுங்கள். "கவுன்சில் எல்லாம் எதுக்கும்மா, நம்ம ஆஸ்பத்திரியிலயே வேலை போட்டுத் தர்றோம்" என்றால் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எந்தப் படிப்பு, யாருக்கு

பதிவு செய்யக்கூடிய படிப்புகள் மூன்று. ஏ.என்.எம். இரண்டு வருடம், கிராம சுகாதார செவிலியர், தாய்-சேய் நலம் என்று அதன் பாதை தனி. ஜி.என்.எம். மூன்று வருட டிப்ளமோ. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் பட்டம். பெரியவர்களுக்கான பொது வார்டு, அறுவை சிகிச்சை வார்டு, ஐ.சி.யு., டயாலிசிஸ் என்று வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு உரியவை பின்னிரண்டும்தான்.

பி.எஸ்சி.க்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களோடு ஆங்கிலமும் தேவை. இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது 45 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. ஜி.என்.எம்.முக்கு எந்தக் குரூப் எடுத்தவரும் வரலாம். ஆங்கிலம் பாஸாகி, மொத்தத்தில் 40 சதவீதம் இருந்தால் போதும். காமர்ஸ் குரூப் படித்துவிட்டு, "நமக்கு நர்சிங் வாய்க்காது" என்று எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போகும் பெண்களை அம்பத்தூரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

வயது விஷயத்திலும் இதே கதை. இரண்டு படிப்புக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் வரம்பு 17-லிருந்து 35 வரை. கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, 28 வயதில் ஜி.என்.எம். சேர்ந்து தேறியவர்கள் உண்டு. மாநில அரசின் சேர்க்கைக் குறிப்பேட்டில் வயது வரம்பு இன்னும் இறுக்கமாக இருக்கலாம் என்பதால் அந்தந்த வருடக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. அக்கா படித்தபோது இருந்த விதியைத் தங்கைக்குச் சொல்லாதீர்கள்.

எதில் சேர்வது என்று கேட்டால், இடம் கிடைத்தால் பி.எஸ்சி. என்பேன். ஜி.என்.எம். முடித்தவர் பின்னால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்துப் பட்டதாரி ஆகலாம். கூட்டிப் பார்த்தால் ஐந்து வருடம். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வுக்குப் பி.எஸ்சி. படித்தவர் படிப்பு முடிந்து பதிவானதும் உட்காரலாம். ஜி.என்.எம். படித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். ஆனால் வீட்டில் பணம் இல்லை, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் ஜி.என்.எம். தாழ்ந்த வழி இல்லை. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளை நெடுங்காலம் தாங்கி நின்றவர்கள் டிப்ளமோ நர்ஸுகள்தான்.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நர்சிங் பெண்களின் வேலை என்று பூந்தமல்லிப் பெரியப்பா யாராவது சொல்வார். எலும்பு முறிவு வார்டிலும் மனநல வார்டிலும் எமர்ஜென்சியிலும் ஆண் நர்ஸ் கிடைக்காமல் அலைகிறார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். எய்ம்ஸ் பணியிடங்களில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்று விகிதமே வைத்திருக்கிறார்கள். கல்லூரிகளில் ஆண்களுக்கு எத்தனை இடம் என்பது ஒவ்வொன்றிலும் வேறுபடும். முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேரும் வழி

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் மதிப்பெண் கேட்பதில்லை. கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கலந்தாய்வு நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்களும் தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதில் வரும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வராது. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். நம் பகுதியைச் சுற்றி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நிறைய இருப்பதால், 'கவுன்சிலிங்கில் இந்தக் காலேஜ் பேரே வரல' என்று பலர் குழம்புகிறார்கள். வராததற்குக் காரணம் இதுதான்.

பணத்துக்கான வழிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022-இல் தொடங்கியது, பட்டப் படிப்புக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு. பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை கைக்காசு போடாமல், ஈடு இல்லாமல் கிடைக்க வேண்டியது. கிளை மேலாளர் இழுத்தடித்தால் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். அங்கே பதிவாகிவிட்ட விண்ணப்பத்தை வாய்வார்த்தையால் தட்டிக்கழிக்க முடியாது. பூந்தமல்லியிலிருந்து தினமும் போய்வருபவர் சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நான்கு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் அது சின்னத் தொகை அல்ல.

கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போது 'டியூஷன் ஃபீஸ் இவ்வளவு' என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். யூனிஃபார்ம், கிளினிக்கல் ஃபீஸ், வேன், பரீட்சைக் கட்டணம், கட்டாய ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கல்லூரி பின்னாளில் ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைத்துக் கொள்ளும் கல்லூரி.

கட்டிலை எண்ணிப் பாருங்கள்

ஒரு நர்சிங் கல்லூரியின் தரம் அதன் வாசல் வளைவிலும் ஏ.சி. வகுப்பறையிலும் இல்லை, அதன் ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்திருக்கும் கட்டில்களில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நர்சிங் கவுன்சிலின் விதிப்படி கல்லூரிக்குக் குறைந்தது 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும். வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு மாணவி என்ற கணக்கு இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாக் கல்லூரியிலும் இது இருக்கும். கட்டிலும் இருக்கும். படுத்திருப்பவர்தான் இருக்க மாட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரிக்குப் போகும் நாளில் மதியம் போகாதீர்கள். காலை ஏழு மணிக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நில்லுங்கள். ஓ.பி. சீட்டு வரிசை எவ்வளவு நீளம், ஆம்புலன்ஸ் வந்துபோகிறதா, டீக்கடையில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ஃபிளாஸ்க்கோடு நிற்கிறார்களா என்று பாருங்கள். ஃபிளாஸ்க் இல்லாத டீக்கடை இருந்தால் உள்ளே உள்நோயாளிகள் இல்லை என்று அர்த்தம். பிறகு இரண்டாம் வருட மாணவி ஒருத்தியைப் பிடித்து மெதுவாகக் கேளுங்கள்: "எத்தனை பேருக்கும்மா நீயே ஊசி போட்டிருக்கே? கதீட்டர் போட்டிருக்கியா, பார்த்தது மட்டுமா?" அவள் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

நம் மேற்குப் புறநகரின் அதிர்ஷ்டம், கட்டிலுக்குப் பஞ்சமில்லாத இடங்கள் பல ஒரு பஸ் அல்லது ஒரு மின்சார ரயில் தூரத்தில் இருப்பதுதான். பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் போனால் வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ்., வரதராஜபுரத்தில் பனிமலர், தண்டலத்தில் சவீதா. போரூரில் ஸ்ரீராமச்சந்திரா. அம்பத்தூர்-வானகரம் சாலையில் அயனம்பாக்கத்தில் அப்போலோவின் ஆஸ்பத்திரியும் நர்சிங் கல்லூரியும். முகப்பேரில் இதய சிகிச்சைக்குப் பேர்போன மெட்ராஸ் மெடிக்கல் மிஷனும் அதன் நர்சிங் கல்லூரியும். மேற்கே ரயில் ஏறினால் திருவள்ளூரில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி. கிழக்கே ஏறி சென்ட்ரலில் இறங்கி ரோட்டைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, நம் பழைய ஜி.எச். இந்தியாவிலேயே முதன்முதலாக நர்சிங் பயிற்சிப் பள்ளி தொடங்கிய இடங்களில் ஒன்று அது. வருடம் 1871, நான்கே மாணவிகள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். கட்டணமும் குறைவு, ஒரு நாளில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையும் வேறு எங்கும் கிடைக்காது. இங்கே பெயர் சொன்னதெல்லாம் இடம் காட்டுவதற்காக, சிபாரிசு அல்ல. எந்தக் கல்லூரியானாலும் கவுன்சிலின் பட்டியலிலும், பி.எஸ்சி. என்றால் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் அந்த வருடத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

சேர்ந்த பிறகு முதல் ஆறு மாதம் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் தவிப்பார்கள். அனாட்டமியும் பிசியாலஜியும் ஆங்கிலத்தில் வந்து மோதும். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் பெற்றோர் பதறி டி.சி. வாங்க ஓட வேண்டாம். தினம் பத்து சொல் என்று ஒரு நோட்டில் எழுதிப் படித்தால் முதல் செமஸ்டருக்குள் தெளிந்துவிடும். வார்டில் தமிழ்தான் ராஜா. திருநின்றவூர்ப் பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டு வாங்க ஆங்கிலம் உதவாது. இன்னொன்று: வார்டுக்குள் போகும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்கும் மூன்றாவதற்கும் நடுவே ஆறு மாதம் இருப்பதால், சேர்ந்த வாரமே தொடங்க வேண்டும்.

வேலை என்பது என்ன

2021-இல் நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை எட்டு செமஸ்டராக மாற்றியபோது, பழைய மெடிக்கல்-சர்ஜிக்கல் நர்சிங்குக்கு 'அடல்ட் ஹெல்த் நர்சிங்' என்று பெயர் வைத்தது. மூன்றாம், நான்காம் செமஸ்டரில் வரும். முதியோர் பராமரிப்பும் இதிலேயே அடக்கம். இந்தப் பாடம்தான் உங்கள் பிழைப்பு. மற்றதில் சுமாராக இருந்தாலும் இதில் கெட்டியாக இருங்கள்.

வார்டில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு கட்டிலை எடுத்துக்கொள்வோம். எழுபது வயது, சர்க்கரை, பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. நைட் டூட்டி முடிக்கும் சிஸ்டரும் காலை டூட்டிக்கு வரும் சிஸ்டரும் அவர் காலடியில் நின்று ஹேண்டிங் ஓவர் பேசுகிறார்கள். இரவு எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது, காலை சர்க்கரை எவ்வளவு, எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தது, முதுகுத் தண்டின் அடியில் சிவப்பு தெரிகிறதா. கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லக் கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திருப்பி, கண்ணால் பார்க்க வேண்டும். "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புறீங்களா, நாங்க பிடிச்சிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாமல் விட்டால் அந்தச் சிவப்பு இரண்டு மூன்று நாளில் புண்ணாகும். புண் ஆற மாதக்கணக்காகும். டாக்டரின் மருந்துச் சீட்டில் இந்த வேலை இருக்காது.

அடுத்தது இன்சுலின். நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு வலுவில் வருகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு உரியதற்குச் சிவப்பு மூடி, 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 வலுக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50. சாப்பிடாமல் கிடக்கும் முதியவருக்கு அது உயிர்போகும் அளவு. குப்பியின் லேபிளைப் படித்து, மூடியின் நிறத்தைப் பார்த்து, இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் போடுவதுதான் முறை. "எனக்குத் தெரியாதா" என்று கூப்பிட்டவரை முறைக்கும் சீனியர்கள் உண்டு. முறைக்கட்டும். நீங்கள் காட்டுங்கள்.

இதைப் படித்து வயிறு கலங்கினால் தப்பில்லை. மலம் துடைக்க வேண்டும், வாந்தி ஏந்த வேண்டும், விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவர் இறந்த செய்தியை அவர் மகனிடம் டாக்டர் சொல்லும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். அருவருப்பு சில வாரங்களில் போய்விடும். மூன்று மணித் தூக்கம் மட்டும் கடைசிவரை பழகாது என்று முப்பது வருட சர்வீஸ் உள்ளவர்களே சொல்வார்கள்.

முதல் வேலையும் முதல் சம்பளமும்

படிப்பு முடிந்ததும் கவுன்சிலில் பதிவு. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு 150 மணி நேரத் தொடர்கல்விக் கணக்குக் கேட்பார்கள் என்பதால் போகும் பயிலரங்கச் சான்றிதழ்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளம் நம் பகுதியில் வேதனையான விஷயம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் நர்ஸுகளின் நிலையைப் பார்த்து, குழு அமைத்துச் சம்பளம் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழு சொன்னது இது: 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100-லிருந்து 200 என்றால் அதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-லிருந்து 100 என்றால் இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் குறைவான படுக்கை உள்ள நர்சிங் ஹோம்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே தரக் கூடாது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. இருந்தாலும் இன்டர்வியூவில் சம்பளம் பேசும்போது இந்த எண்களைத் தெரிந்து வைத்திருப்பவரிடம் எச்.ஆர். பேசும் தொனியே மாறும்.

சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கில் சம்பளம் வர வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும், பி.எஃப். பிடிக்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யும் வேண்டும். கவரில் பணமாகச் சம்பளம் வாங்கிய அனுபவம் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது செல்லாக்காசு. வளைகுடா நாட்டுக்காரர்கள் உங்கள் சான்றிதழை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிச் சரிபார்ப்பார்கள். அதைவிட முக்கியம், அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். "மூணு வருஷ பாண்டு, ஒரிஜினல் எங்ககிட்ட இருக்கட்டும்" என்பது இன்றும் நடக்கிறது. நர்சிங் கவுன்சில் 2011-லேயே பாண்டு முறை கூடாது என்று சொல்லிவிட்டது. ஜெராக்ஸ் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி மட்டும்தான் வேலை என்று நினைக்க வேண்டாம். 500 தொழிலாளருக்கு மேல் உள்ள தொழிற்சாலையில் நர்ஸோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதலே உள்ள விதி. அம்பத்தூர் எஸ்டேட்டும் அதைச் சுற்றிய பெரிய கம்பெனிகளும் இருக்கும் ஊரில் இது சின்ன வாய்ப்பு அல்ல. நைட் டூட்டி குறைவு, விரல் நசுங்கியது, கண்ணில் இரும்புத் தூள் விழுந்தது என்று கேஸ்கள் வேறு மாதிரி. முருகப்பா குழுமத்தின் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை அம்பத்தூரில் 1966-லிருந்து இருக்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைக்குச் சொந்த மருத்துவமனை உண்டு. அயனாவரத்தில் இ.எஸ்.ஐ., பெரம்பூரில் ரயில்வே ஆஸ்பத்திரி. ரயில்வே, எய்ம்ஸ் போன்ற மத்திய அரசு நர்ஸ் பணிகளின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. படிகள் தனி. அந்தப் பரீட்சைகளுக்கு வருடக்கணக்கில் தயாராகும் கூட்டம் ஏன் இருக்கிறது என்பது இப்போது புரியும்.

மாநில அரசு வேலைக்கு வழி 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. இதில் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 2015-இல் தேர்வெழுதி வந்த நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வைத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியது நினைவிருக்கலாம். பிறகு தொகுப்பூதியம் 14,000 ஆகி, 2023-இல் 18,000 என்று அறிவிப்பு வந்தது. கொரோனா காலத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்ஸுகளின் ஒப்பந்தம் 2022 டிசம்பரோடு முடித்துவைக்கப்பட்டது. ஆகவே அறிவிப்பைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டிய சொல் 'தற்காலிகம்' அல்லது 'ஒப்பந்தம்'. நிரந்தரம் ஆகும் வரிசையில் நிற்க மனமிருந்தால் போங்கள். ஆவடிக்காரருக்கு முதல் போஸ்டிங் ராமநாதபுரத்தில் விழலாம் என்பதையும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

இன்னொரு வாசல் மாவட்ட நலவாழ்வுச் சங்கம். நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள், மக்களைத் தேடி மருத்துவம் போன்றவற்றுக்கு ஸ்டாஃப் நர்ஸ்களை 18,000 ரூபாய் ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும். பல சமயம் விண்ணப்பிக்க இரண்டு வாரம்கூட இருக்காது. இங்கே நம் பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்து, 2018-இல் சென்னை மாவட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் வேறு வேறு அலுவலகத்தின் அறிவிப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ரெண்டு இணையதளத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

வெளிநாடு

பிரிட்டனில் நர்ஸ் பதிவேடு நான்கு பிரிவு: பெரியவர், குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு. இங்கிருந்து போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் பிரிவில்தான் பதிவாகிறார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, கம்ப்யூட்டர் தேர்வு, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு என்று வரிசை. ஓ.இ.டி. மருத்துவத் துறைக்கென்றே உள்ளது என்பதால் நம் பிள்ளைகளுக்கு அது எளிதாக வருகிறது. ஜெர்மனிக்கு மொழி கற்க வேண்டும், குறைந்தது ஒரு வருட உழைப்பு. வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு. இரண்டு வருட உள்ளூர் அனுபவம் இல்லாமல் எதற்கும் அவசரப்பட வேண்டாம்.

ஏஜென்டு விஷயத்தில் ஒரே அறிவுரை. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இயங்குகிறது, கிண்டியில் அலுவலகம். நர்ஸுகளை அனுப்புவதில் அதற்குத் தனி இடம் உண்டு. வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை எடுப்பதை 2015-இல் மத்திய அரசு இதுபோன்ற அரசு நிறுவனங்களிடமே ஒப்படைத்தது, மோசடி அவ்வளவு மலிந்திருந்ததால். லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கும் ஆபீஸைப் பார்க்கும் முன் கிண்டிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும். விண்ணப்பம் அதற்குப் பின்னாலேயே திறக்கும், அதிக நாள் இருக்காது. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஜூனில் போனால் ஆவடி தாலுகா ஆபீஸில் கூட்டம் வாசல் தாண்டி நிற்கும்.